விரிவது உறுதி; வேகத்தில்தான் வழக்கு

புதுதில்லி: மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில், ரூ. 2,600 கோடி மதிப்பீட்டில் ஈர்ப்பு அலை ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. இவ்வளவு பணம் செலவிட்டு எதை அளக்கப் போகிறார்கள் என்று வரி செலுத்துவோர் கேட்பது நியாயமே. அளக்கப்படவிருப்பவற்றுள் ஒன்று, இப்பேரண்டம் விரியும் வேகம்.

பேரண்டம் விரிகிறது என்பது ஊகமன்று. அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள லோவெல் ஆய்வகத்தில், வெஸ்டோ ஸ்லிஃபர் 1912-ஆம் ஆண்டு முதல் விண்மீன் திரள்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்து வந்தார். ஒவ்வொரு தனிமமும் நிறமாலையில் தனக்குரிய இடத்தில் கோடு பதிக்கும். ஸ்லிஃபர் ஆராய்ந்த திரள்களில் பெரும்பாலானவற்றில் அக்கோடுகள் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தன. அவை நம்மைவிட்டு விலகிச் செல்கின்றன என்பது அதன் பொருள். (ஆண்ட்ரோமெடா விதிவிலக்கு, அது நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.) தொலைவை அளக்கும் கோல் ஹார்வர்டு ஆய்வகத்தில் கிடைத்தது. ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன்களின் துடிப்புக் காலத்துக்கும் அவற்றின் உண்மையான ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை ஹென்ரியெட்டா லெவிட் கண்டறிந்திருந்தார். இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்த எட்வின் ஹபிள், தொலைவு இரு மடங்கானால் விலகும் வேகமும் இரு மடங்காகிறது என 1929-இல் காட்டினார்.

இதே முடிவுக்குப் பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர் 1927-லேயே வந்திருந்தார். அவரது பெயரையும் சேர்த்து 'ஹபிள் - லெமைத்ர் விதி' என வழங்கலாமா என்று சர்வதேச வானியல் சங்கம் 2018-இல் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தோரில் 78 விழுக்காட்டினர் ஆதரித்தனர். வாக்கெடுப்பு பெயருக்குத்தான், விதிக்கு அன்று.

ஆயினும் எதிர்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. நெடுந்தொலைவு பயணம் செய்யும் ஒளி களைத்துப்போய்ச் சிவந்து தெரிகிறது; திரள்கள் விலகவே இல்லை என்று ஏன் கொள்ளக்கூடாது? நல்ல கேள்விதான். இதற்கு விடை தந்தவை வெடித்துச் சிதறும் விண்மீன்கள். அவற்றுள் ஒருவகை, ஏறத்தாழ ஒரே கால அளவில் ஒளிர்ந்து மங்கும் இயல்புடையது. தொலைவிலுள்ள வெடிப்பின் ஒளி அலை இரு மடங்கு நீண்டு வந்துசேருமானால், அது மங்குவதற்கு எடுக்கும் நாட்களும் இரு மடங்காகின்றன. ஒளி களைத்தால் நிறம் மாறலாம். நாட்கள் ஏன் நீளவேண்டும்? இடையிலுள்ள வெளியே விரிந்தால்தான் இது நிகழும்.

மற்றொரு சான்றில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. விண்வெளி எங்கும் 2.7 கெல்வின் வெப்பநிலையுள்ள மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சு பரவியிருப்பதை 1965-இல் பென்சியாஸ், வில்சன் ஆகியோர் அறிவித்தனர். பேரண்டம் விரிந்து குளிர்ந்து வருவது மெய்யானால், முற்காலத்தில் இவ்வெப்பம் அதிகமாக இருந்திருக்க வேண்டும். புணேயில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வானியல், வான் இயற்பியல் மையத்தைச் சேர்ந்த ஆர். ஸ்ரீஆனந்த், இரு ஐரோப்பிய ஆய்வாளர்களுடன் இணைந்து இதைச் சோதித்தார். சுமார் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வாயு மேகம் ஒன்றில் இருந்த கார்பன் அணுக்களின் நிலையை, சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கி வழியே அவர்கள் ஆராய்ந்தனர். அப்போதைய வெப்பநிலை 6 கெல்வினுக்கும் 14 கெல்வினுக்கும் இடைப்பட்டது எனத் தெரிந்தது. கோட்பாடு எதிர்பார்த்த அளவு 9.1. முடிவு 2000 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று.

அப்போது அந்த மையத்தின் இயக்குநராக இருந்தவர் ஜயந்த் நார்லிகர். பெருவெடிப்புக் கோட்பாட்டை ஏற்க மறுத்து, பிரெட் ஹாயிலுடன் சேர்ந்து மாற்றுக் கோட்பாட்டை முன்வைத்தவர். விரிவை அவரும் மறுத்ததில்லை. அதற்கு ஒரு வெப்பமான தொடக்கம் இருந்தது என்பதையே மறுத்தார். 2025 மே மாதம் காலமாகும்வரை அக்கருத்திலிருந்து அவர் விலகவில்லை. அவர் உருவாக்கிய மையத்திலிருந்தே இத்தகைய ஆய்வும் தடையின்றி வெளிவந்தது நம் அறிவியல் நிறுவனங்களுக்குப் பெருமை சேர்ப்பது.

இன்றைய வழக்கு வேகத்தைப் பற்றியது. பழைய நுண்ணலைக் கதிர்வீச்சைப் படமெடுத்த பிளாங்க் செயற்கைக்கோளின் கணக்குப்படி, 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு விநாடிக்கு 67 கிலோமீட்டர் வீதம் விரிவு நிகழ்கிறது. துடிக்கும் விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களையும் கொண்டு அளப்போர் 73 என்கின்றனர். கருவிகள் மேம்பட்ட பின்னரும் இந்த இடைவெளி மறையவில்லை. அளவீட்டில் எங்கோ பிழை இருக்க வேண்டும். அல்லது நாம் அறியாத இயற்பியல் ஒன்று இருக்க வேண்டும்.

நடுவராக வரக்கூடியது ஈர்ப்பு அலை. 2017 ஆகஸ்ட் 17-இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்த அலையை அமெரிக்காவிலுள்ள இரு ஆய்வகங்களும் இத்தாலியிலுள்ள ஒன்றும் பதிவு செய்தன. அலையின் வலிமையிலிருந்தே தொலைவு கிடைத்தது. மோதல் நிகழ்ந்த திரளை ஒளித் தொலைநோக்கிகள் கண்டுபிடித்ததால் விலகும் வேகமும் கிடைத்தது. விடை சுமார் 70. பிழை வரம்போ இரு தரப்பையும் உள்ளடக்கும் அளவுக்குப் பெரிது. இத்தகைய நிகழ்வுகள் பல சேர்ந்தால்தான் தீர்ப்பு சொல்ல இயலும். அதற்கு, அலை வானத்தின் எத்திசையிலிருந்து வந்தது எனத் துல்லியமாகத் தெரியவேண்டும். மற்ற ஆய்வகங்களிலிருந்து வெகு தொலைவில் ஒரு கருவி இருந்தால் திசை தெளிவாகும். ஹிங்கோலியின் முக்கியத்துவம் இதுவே.

முதல் ஈர்ப்பு அலை பிடிபட்ட செய்தி வெளியானது 2016 பிப்ரவரி 11-இல். ஆறே நாட்களில், பிப்ரவரி 17-இல் மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்குக் கொள்கை அளவிலான ஒப்புதலை வழங்கியது. முழு ஒப்புதலுக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2023 மே 11-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஒப்புதலின்போது கூறப்பட்ட இலக்கு 2030. நாலு கிலோமீட்டர் நீளமுள்ள இரு வெற்றிடக் குழாய்களை அமைப்பது எளிய பணியன்று. ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, பணி எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை அணுசக்தித் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது உறுப்பினர்கள் கேட்டுப் பெறலாம்.