மீக்கணினியின் மின்பசி

சூப்பர் கம்ப்யூட்டர் எனப்படும் மீக்கணினிகளின் வேகத்தை இன்று கட்டிப்போட்டிருப்பது மின்சாரம்தான். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்துக்காகக் கட்டப்பட்ட ஆஸ்கி ரெட், 1996 டிசம்பரில் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள் என்ற வேகத்தை முதன்முறையாகத் தாண்டியது. அதற்கு ஏறத்தாழ 850 கிலோவாட் மின்சாரம் தேவைப்பட்டது. இந்த வேகத்துக்கு டெராஃப்ளாப் என்று பெயர். இதைப்போல் பத்து லட்சம் மடங்கு வேகம் எக்ஸாஃப்ளாப். ஆஸ்கி ரெட் செலவழித்த அதே விகிதத்தில் ஓர் எக்ஸாஃப்ளாப் கணினியை ஓட்டியிருந்தால், கூடங்குளத்தில் இருப்பவை போன்ற 1,000 மெகாவாட் உலைகள் சுமார் 800 தேவைப்பட்டிருக்கும். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 2022-இல் ஃபிரான்டியர் அந்த வேகத்தை எட்டியபோது இழுத்த மின்சாரமோ 21 மெகாவாட். கணினித் துறையின் மாபெரும் சாதனைகளில் இதுவும் ஒன்று. வேகச் சாதனைகளுக்குக் கிடைக்கும் புகழில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

தொடக்கத்தில் இந்தச் சிக்கனம் தானாகவே வந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்குத் தேவைப்படும் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறையும் என்று ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டும் அவருடன் பணியாற்றியோரும் 1974-இல் காட்டினர். சில்லு செலவழிக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே பரப்பில் இரு மடங்கு டிரான்சிஸ்டர்களை அடைத்தும் சூடு ஏறவில்லை. 2005-ஐ ஒட்டி இந்த வசதி நின்றுபோனது. அழுத்தத்தை மேலும் குறைத்தபோது, அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்களிலும் மின்னோட்டம் கசியத் தொடங்கியது.

இந்த நெருக்கடியை முன்கூட்டியே உணர்ந்தவர்களில் வூ-சுன் ஃபெங் முக்கியமானவர். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 2002-இல் அவருடைய குழு கட்டிய கிரீன் டெஸ்டினியில், மடிக்கணினிகளுக்கென வடிவமைத்த டிரான்ஸ்மெட்டா செயலிகள் 240 இருந்தன. எல்லாம் ஒரே அடுக்குப் பெட்டிக்குள் அடங்கின. தரையில் அது பிடித்த இடம் அரை சதுர மீட்டர்தான்; இழுத்த மின்சாரம் 3.2 கிலோவாட். குளிர்சாதனம் இல்லாத, தூசு படிந்த ஒரு கிடங்கில், 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் அது நிற்காமல் ஓடியது. தனித்தனியாகப் பார்த்தால் அந்தச் செயலிகள் மெதுவானவை என்பது உண்மை. ஆனால் மெதுவான செயலிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தால் வேகமும் கிடைக்கும் என்பதை 2004-இல் ஐபிஎம்மின் ப்ளூ ஜீன்/எல் மெய்ப்பித்தது. 700 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அதன் செயலிகள் 16 அடுக்குப் பெட்டிகளுக்குள் இருந்தபடியே, யோகோஹாமாவில் தனிக் கட்டடம் எழுப்பி நிறுவப்பட்ட எர்த் சிமுலேட்டரை உலக வேகப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கின.

ஃபெங்கும் கணினி ஆய்வாளர் கிர்க் கேமரனும் 2007 நவம்பரில் கிரீன்500 என்ற பட்டியலைத் தொடங்கினர். வேகத்தை மின்சாரத்தால் வகுத்துத் தரவரிசை கொடுக்கும் பட்டியல் அது. முதல் பட்டியலில் முன்னணியில் நின்ற கணினி வாட் ஒன்றுக்கு 0.36 கிகாஃப்ளாப் தந்தது (ஆயிரம் கிகாஃப்ளாப் ஒரு டெராஃப்ளாப்). 2024-இல் முதலிடம் பிடித்த, ஜெர்மனியின் யூலிக் மையத்து ஜெடி தந்தது 72.7. பதினேழு ஆண்டுகளில் இருநூறு மடங்கு.

இந்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு, எண்கள் பயணிக்கும் தூரத்தைக் குறைத்ததால் கிடைத்தது. இரண்டு எண்களைப் பெருக்குவதற்கு ஆகும் ஆற்றல் சொற்பம். அந்த எண்களை வெளி நினைவகத்திலிருந்து செயலிக்குக் கொண்டுவர அதைப்போல் சில நூறு மடங்கு ஆற்றல் செலவாகிறது. செம்புக் கம்பி நீள நீள, ஒவ்வொரு பிட்டுக்கும் கூலி ஏறுகிறது. அதனால்தான் கணினியைச் சுருக்குவதும் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதும் ஒரே வேலையாகிவிட்டன. ஜப்பானின் ஃபுகாகுவில் நினைவகச் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, செயலியின் பக்கத்திலேயே ஒரே பொதிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் எல் கேபிடன் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் பொதுச் செயலிக்கும் வரைகலைச் செயலிக்கும் தனித்தனி நினைவகம் கிடையாது. இரண்டும் ஒரே பொதியில் 128 கிகாபைட் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு செயலியிலிருந்து மற்றதற்கு எண்களை நகலெடுத்து அனுப்பும் செலவு இதனால் மிச்சமாகிறது.

சுருக்கினால் சூடு ஓரிடத்தில் குவியும். காற்றாடிகள் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. 1985-இல் வந்த கிரே-2, மின்சாரம் கடத்தாத திரவத்தில் சுற்றுப்பலகைகளை அப்படியே மூழ்கடித்தது. 2013-இல் டோக்கியோவின் சுபாமே-கேஎஃப்சி எண்ணெயில் மூழ்கி கிரீன்500-இல் முதலிடம் பெற்றது. இன்று பரவலாக இருப்பது, சில்லின் மேல் பதித்த உலோகத் தகட்டின் வழியே தண்ணீரைப் பாய்ச்சும் முறை. ஃபிரான்டியருக்குள் நுழையும் தண்ணீரின் வெப்பநிலை சுமார் 32 பாகை. தண்ணீரைச் சில்லிட வைக்க வேண்டியதில்லை என்பதே இதன் அருமை. திறந்தவெளிக் கோபுரத்தில் ஆறவிட்டால் போதும். பெரும் மின்சாரம் குடிக்கும் குளிரூட்டிகள் ஓயும். வெயில் கொளுத்தும் நாடுகள் இந்த முறையை அவசியம் கவனிக்க வேண்டும். குளிர் நாடுகளிலோ இந்தச் சூடே பயன்படுகிறது. ஃபின்லாந்தின் கயானி நகரில், பழைய காகித ஆலை ஒன்றில் இயங்கும் லூமி மீக்கணினியின் கழிவு வெப்பம் நகரத்து வீடுகளைச் சூடாக்குகிறது. நகரின் வெப்பத் தேவையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை அது ஈடுசெய்யும் என்பது திட்டம்.

எண்களின் நீளத்தைக் குறைப்பது இன்னொரு வழி. செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கு 16 பிட்டும் அதற்குக் குறைவும் போதும் என்பதால் மின்சாரம் பல மடங்கு மிச்சமாகிறது. மேசைமேல் வைக்கும் சிறு பெட்டிகள்கூட பெட்டாஃப்ளாப் (ஆயிரம் டெராஃப்ளாப்) வேகம் என்று விளம்பரமாவது இந்த அடிப்படையில்தான். என்விடியாவின் டிஜிஎக்ஸ் ஸ்பார்க்குக்குச் சொல்லப்படும் வேகம் 4 பிட் எண்களுக்கானது. வானிலைக்கும் இயற்பியலுக்கும் காலங்காலமாகப் பயன்பட்டுவரும் 64 பிட் கணக்கோடு அதை ஒப்பிடவே கூடாது.

ஒரு குறை அப்படியே நிற்கிறது. தரவரிசைகள் பயன்படுத்தும் சோதனைக் கணக்கு, செயலிகள் ஓயாமல் வேலை செய்வதற்கு வசதியானது. நினைவகத்தை ஓயாமல் நாடும் ஹெச்பிசிஜி என்ற சோதனையில், எக்ஸாஃப்ளாப் கணினியான ஃபிரான்டியர் எட்டிய வேகம் 14 பெட்டாஃப்ளாப் மட்டுமே. அதன் தரவரிசை வேகத்தில் இது சுமார் ஒரு விழுக்காடு. வேகப் பட்டியலில் அதைவிடப் பின்தங்கிய ஃபுகாகு, செயலியை ஒட்டிய நினைவகத்தின் பலத்தால் இதில் 16 பெட்டாஃப்ளாப் எடுத்தது. அறிவியலாளர்கள் அன்றாடம் ஓட்டும் நிரல்கள் பலவும் இந்த இரண்டாவது சோதனையைப் போன்றவை. இனி வாங்கப்படும் மீக்கணினிகளை வாட் ஒன்றுக்கு எத்தனை ஃப்ளாப் என்று மட்டும் அளக்காமல், உண்மையான நிரல் ஒன்றை ஓட்டி முடிக்க எத்தனை யூனிட் மின்சாரம் என்றும் அளந்தே வாங்க வேண்டும்.