வெற்றிடம் கசிந்தால்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், குருமண்வெளித் துறையில் பாதையேறி மண்டூருக்கு வந்துகொண்டிருந்தோம். நண்பரின் பழைய டீசல் கார் பாதையின் நடுவே நின்றது. அவர் சாவியைத் திருப்பிக் கையில் எடுத்துவிட்டார், எஞ்சினோ நிற்கவில்லை. பாதைக்காரர் அவரைப் பார்த்தார். அவர் சாவியைப் பார்த்தார். பொனட்டைத் திறந்து, எஞ்சினின் பக்கத்திலுள்ள நிறுத்து நெம்புகோலைக் கையால் அழுத்திய பின்னரே அது அடங்கிற்று.

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே அக்காரின் குளிர்காற்று முகத்துக்கு வராமல், முன்கண்ணாடியின் மீது மட்டும் வீசத் தொடங்கியிருந்தது. குளிரூட்டியில் வாயு குறைந்துவிட்டது என்று கருதி, அதை நிரப்புவதற்கு நண்பர் பணமும் செலவிட்டிருந்தார். பயனில்லை. இவ்விரு குறைகளும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பது பின்னரே தெரிந்தது. அதைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

பெற்றோல் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வழியில் ஒரு தடைத் தகடு உண்டு. அதன் பின்புறத்தில் வெற்றிடம் தானாகவே உண்டாகும். டீசல் எஞ்சின்களில் பொதுவாக அத்தகடு இல்லை. ஆதலால் எஞ்சினே ஓட்டும் தனிப் பம்பி ஒன்றை வைத்து வெற்றிடம் உண்டாக்குவர். 1976ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123 வரிசையின் டீசல் கார்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரேக்குக்குத் துணைவிசை தருவதும், கதவுப் பூட்டுகளை இயக்குவதும், எஞ்சினை நிறுத்துவதும், குளிர்காற்றின் திசையை மாற்றுவதும் அவற்றில் அந்த ஒரே பம்பியின் பொறுப்பு.

வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. வெளியிலுள்ள காற்றே தள்ளுகிறது. 1643ஆம் ஆண்டளவில் இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி பாதரசக் குழாய் கொண்டு காட்டிய உண்மை இது. கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் 760 மில்லிமீற்றர் உயரமான பாதரசத்தைத் தாங்கும். காரின் முகப்புப் பலகைக்குப் பின்னால் சிறு குமிழ்கள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் ஓர் இறப்பர் மென்றகடு. ஒரு பக்கத்துக் காற்றைப் பம்பி அகற்றியதும், மறுபக்கத்துக் காற்று மென்றகட்டைத் தள்ள, அதனோடிணைந்த தண்டு காற்றுவழிக் கதவைத் திறக்கிறது. மென்றகடு கிழிந்தால் வில்லின் விசையால் கதவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்நிலையில் காற்று முன்கண்ணாடிக்கே செல்லும். மாரிமழையில் கண்ணாடி மங்குவதை நினைத்தால், அது நல்ல ஏற்பாடென்றே சொல்வேன். வெற்றிடம் கசிகிறது என்பது பேச்சு வழக்கு. உண்மையில் வெளிக்காற்றே உள்ளே கசிகிறது.

கசிவைத் தேடும் முறை படுவான்கரை விவசாயிகளுக்குப் புதிதன்று. கடைவயலுக்குத் தண்ணீர் எட்டாவிட்டால் வட்டவிதானையார் என்ன செய்வார்? கிளை வாய்க்கால்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பார். இங்கும் அதுவே வழி. அளவுமானி பொருத்திய கைப்பம்பி ஒன்று வேண்டும். எஞ்சின் ஓடும்போது பம்பியின் வெற்றிடத்தை முதலில் அளக்க வேண்டும். நல்ல நிலையில் அது 500 மில்லிமீற்றரை எட்டும். பின் எஞ்சினை நிறுத்தி, பிரேக்குக்குச் செல்லும் தடித்த குழாயைத் தொடாது, மெல்லிய கிளைக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பம்பியால் காற்றை அகற்றிப் பார்க்க வேண்டும். முள் அசையாது நின்றால் அக்கிளை குற்றமற்றது. மெல்ல இறங்கினால் கசிவு அங்கேதான். பெரும்பாலும் குழாயைவிட, குழாய்களை இணைக்கும் இறப்பர் முடிச்சுகளே வெப்பத்தால் இறுகி வெடித்திருக்கும். முதலில் அவற்றை மாற்றிப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

நண்பரின் காரில் நகக்கண் அளவு கிழிந்த மென்றகடு ஒன்றே குற்றவாளி. அது உள்ளே விட்ட காற்று, எஞ்சினை நிறுத்த வேண்டிய வெற்றிடத்தையும் தின்றுவிட்டது. குமிழின் விலை, வீணாக நிரப்பிய வாயுவின் விலையிலும் குறைவு. முகப்புப் பலகையைக் கழற்றத்தான் ஒரு பகல் முழுவதும் சென்றது.

குளிர்காற்று வராவிட்டால் வியர்வையோடு போய்விடும். பம்பியே தளர்ந்திருந்தால் பிரேக் கல்லாக இறுகிவிடும். ஆகையால் கசிவு உண்டென்று ஐயம் தோன்றிய அன்றே, காரைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இட்டு, எஞ்சின் ஓடாத நிலையில் பிரேக் மிதியை ஐந்தாறு முறை மிதியுங்கள். பின்பு காலை அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால், பழுது பார்க்கும் வரை அக்காரைத் தெருவுக்குக் கொண்டுபோகலாகாது.