காவல் நாயும் குட்டிப் பருவப் பழக்கமும்

களத்துக்கும் ஆட்டுக் கிடைக்கும் காவலாக நாய் வளர்ப்போர் நம்மில் அநேகர். கோம்பை, இராஜபாளையம் முதலிய உயர்ந்த ஜாதிக் குட்டியை வாங்கினால் போதுமென்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, நல்ல பழக்கமும் வேண்டும்.

ருஷிய சாஸ்திரியாரான பாவ்லவ் என்பார், ஆகாரத்துக்கு முன் ஒரே ஓசையைப் பன்முறை கேட்பித்துவர, பின்னர் அவ்வோசை கேட்ட மாத்திரத்திலேயே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதைக் கண்டார். நாம் உண்ணும்போது குரைக்கும் நாய்க்கு ஒரு கவளம் எறிவோமாயின், குரைத்தால் சோறு கிடைக்குமென்று நாமே அதற்குக் கற்பித்தவராவோம். ஆகையால் வேளை தவறாது, ஒரே இடத்தில் ஆகாரமிடுக.

குட்டி பிறந்த 3 வாரம் முதல் சுமார் 14 வாரம் வரையில் எவற்றுடன் பழகுகிறதோ அவற்றைக் கண்டு பின்னர் எளிதில் மிரளாது. அப்பருவத்திலேயே ஆடு, கோழி, குழந்தைகள், கழுத்துக் கயிறு, வாயைத் திறந்து பார்க்கும் கை ஆகியவற்றுக்கு அதனைப் பழக்குதல் அவசியம்.

கைக்கு அடங்கும் நாய்க்கே வெறிநோய்த் தடுப்பூசி போடுதல் எளிது. 3 மாத வயதில் முதல் ஊசியும், பின்னர் வைத்தியர் சொல்லும் காலந்தோறும் மறு ஊசியும் போடுவிக்க வேண்டும். ஊசிக்கு அகப்படாத நாயால் விளையும் அபாயம் ஊர் முழுவதையும் சார்ந்ததாதலின், கிராம அதிகாரிகளும் இதனைக் கவனித்தல் தகும். நாய் கடித்தால் புண்ணை உடனே சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்க. நோய்க்குறி கண்டபின் பிழைத்தல் மிக அரிது.