மோட்டார் வண்டியின் எண்ணெய்: அதன் ஆயுளும் மாற்றுங் காலமும்

சீனன்குடாவிலே மரங்களினிடையே நிற்கும் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைக் காணாதார் திருகோணமலை மாவட்டத்தில் இலர் எனலாம். பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விடுத்து எண்ணெயால் இயங்கத் தலைப்பட்ட பின்னர், கப்பல்களுக்கு வேண்டிய எரிநெய்யைச் சேமித்து வைத்தற்பொருட்டு இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் இவை எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும். 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது, அவற்றுளொன்று ஒரு தாங்கியின்மீது மோதி வீழ்ந்தது என்றும், அத்தீ ஏழு நாள் எரிந்தது என்றும் கூறுவர். எஞ்சியுள்ள தாங்கிகள் 99. அவற்றுட் பெரும்பாலன நெடுங்காலம் காட்டினுள்ளே பயனின்றிக் கிடந்தன.

அத்தாங்கிகளில் இருந்தது எரிவதற்கான எண்ணெய். எரிந்ததும் அதன் கதை முடிந்துவிடும். மோட்டார் எஞ்சினுள் நாம் வார்க்கும் எண்ணெயோ எரிவதற்குரியதன்று. உராய்வைத் தணித்தற்கும், வெப்பத்தைக் கடத்தற்கும், அழுக்கை ஏந்துதற்கும் உரியது. அது தீர்ந்து போவதில்லை, கெட்டுப் போகின்றது. தீர்ந்ததைக் கண் காணும். கெட்டதைக் கண் காணாது. ‘எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது?’ என்னும் வினா இங்கிருந்தே பிறக்கின்றது.

இவ்வெண்ணெய்க்கு எப்பெயர் இடுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘மசகு’ என்பது வண்டி அச்சுக்கு இடும் மையைக் குறித்த பழஞ்சொல். ஆயின் நம் நாட்டுச் செய்தித்தாள்கள் நிலத்தடியிலிருந்து எடுத்த, பண்படுத்தாத எண்ணெயையே ‘மசகெண்ணெய்’ என வழங்கி வருகின்றன. ஆகவே மெக்கானிக்கும் கடைக்காரரும் சொல்லும் ‘எஞ்சின் ஒயில்’ என்பதே ஐயத்துக்கு இடமில்லாத பெயராயிற்று. விற்பனையாளர் ‘சிந்தெற்றிக்’ என்பதை ஈண்டுச் செயற்கை எண்ணெய் என்போம்.

செயற்கை எண்ணெய் என்றதும் அது ஏதோ எண்ணெயல்லாத ஒன்றிலிருந்து ஆயது என எண்ணுதல் தவறு. சாதாரண எண்ணெயில், நிலத்திலிருந்து வந்த ஐதரோகாபன் மூலக்கூறுகள் பலவாறான வடிவிலும் பருமனிலும் கலந்து கிடக்கும். மெழுகும் கந்தகச் சேர்வைகளும் உடனிருக்கும். செயற்கை எண்ணெயிலோ மூலக்கூறுகள் பெரிதும் ஒருசீராய் அமைக்கப்படுகின்றன. எதிலீன் என்னும் வாயுவிலிருந்து தொடங்கிச் சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டுவது ஒரு முறை. கனத்த எண்ணெயை மிக்க அழுக்கத்தில் ஐதரசனோடு சேர்த்துப் பிளந்து திருத்துவது மற்றொரு முறை. இவ்விரண்டாவதைச் செயற்கை என்று விற்கலாமா என்பதுபற்றி அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரோல் ஆகிய இரு கும்பனிகள் பிணக்குற்றன. விளம்பர முறைப்பாடுகளை ஆராயும் அமைப்பு 1999 இல் ‘விற்கலாம்’ என்னும் கருத்தை ஏற்றது. சேர்மனியில் இன்றும் முன்னைய வகைக்கே அப்பெயர் உரித்து. எனவே தகரத்தின்மேல் எழுதிய ‘முழுச் செயற்கை’ என்னும் சொற்றொடர் எல்லா நாட்டிலும் ஒரே பொருளைத் தருவதன்று.

ஒருசீரான மூலக்கூறுகளால் விளையும் நன்மை யாது? வெப்பத்தில் அவை எளிதில் ஒட்சியேற்றமடையா, எளிதில் ஆவியாகா, குளிரிலே உறையா. நீண்ட நாள் உழைக்கும் என்னும் பெயர் இதனாலேயே வந்தது. மறுப்பதற்கில்லை. ஆயின் தகரத்திலுள்ளது இந்த அடிப்படை எண்ணெய் மாத்திரமன்று. அதனுள் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்கு வரை சேர்மருந்துகள் கலந்திருக்கும். சில அழுக்கைக் கழுவுவன. சில அமிலத்தை நடுநிலையாக்குவன. சில உலோகத்தின்மேல் மெல்லிய காப்புப் படலம் இடுவன. சில வெப்பத்தில் எண்ணெய் நீர்த்துப் போகாது அதன் பிசுக்குமையைத் தாங்குவன. இச்சேர்மருந்துகள் தம் வேலையைச் செய்யச் செய்யத் தாமே குறைந்துபோவன. அடிப்படை எண்ணெய் இன்னும் நன்றாயிருக்க, அதனோடு வந்த காவலர் அனைவரும் ஓய்ந்துவிடுதல் கூடும். சீனன்குடாவிலுள்ள லங்கா ஐ.ஓ.சி. கும்பனியின் எண்ணெய்க் கலப்பு ஆலையில் நடைபெறும் வேலையும் பெரும்பாலும் இதுவே: அடிப்படை எண்ணெயோடு சேர்மருந்துகளைக் குறித்த அளவிற் கலந்து அடைத்தல். ஆண்டொன்றுக்கு 18,000 தொன் கலக்கும் ஆற்றல் அவ்வாலைக்கு உண்டு.

இனி எண்ணெய் கெடும் வழியைப் பார்ப்போம். ஓர் இலீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஓர் இலீற்றர் நீர் உண்டாகின்றது என்றாற் பலர் வியப்பர். பெற்றோலிலுள்ள ஐதரசன் காற்றின் ஒட்சிசனோடு கூடுவதால் வருவது அது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாய் வெளியேறும். ஆடுதண்டின் வளையங்களைக் கடந்து சிறிது நீராவி கீழே இறங்கி எண்ணெயோடு கலக்கும். எரியாத பெற்றோலும் கரியும் கூடவே இறங்கும். எண்ணெய் நன்கு சூடேறினால் நீரும் பெற்றோலும் மீண்டும் ஆவியாய்ப் போய்விடும். சூடேறாவிட்டால் அங்கேயே தங்கி, அமிலமாகவும் சேறாகவும் திரியும். முகப்பிலுள்ள வெப்பமானி காட்டுவது குளிர்விக்கும் நீரின் சூட்டையே. எண்ணெய் அதன் பின்னரே மெல்லச் சூடேறும். மலிந்த எண்ணெயாயினும் விலையுயர்ந்த செயற்கை எண்ணெயாயினும் அதனுள் இறங்கும் நீரும் கரியும் ஒரே அளவினவே.

இதனால், கிலோமீற்றர்க் கணக்கு ஒன்றை மட்டும் நம்புதல் பொருந்தாது. உப்புவெளியிலிருந்து நகரிலுள்ள பாடசாலைக்கு நான்கு கிலோமீற்றர் காரிற் செல்லும் ஆசிரியர் ஒருவரைக் கொள்வோம். நாளொன்றுக்கு எட்டு, பாடசாலை நாள் இருநூறு எனின் 1,600 கிலோமீற்றர். கொழும்புக்கு இருமுறை போய்வந்தால் ஏறக்குறைய 1,050. கோயில், கடை, உறவினர் வீடு எல்லாம் கூட்டினும் ஆண்டுக்கு 4,000 ஐத் தாண்டுவது அரிது. ‘பத்தாயிரம் ஓடியபின் மாற்றுக’ என்பதை மாத்திரம் பிடித்துக்கொண்டால் அவர் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறைதான் எண்ணெய் மாற்றுவார். அக்காலத்தில் அவருடைய எஞ்சின் முழுச் சூடடைந்த நாள்கள் மிகச் சிலவே. மறுபுறம், கொழும்புக்குப் பயணிகளை ஏற்றி நாடோறும் போய்வரும் வான் சாரதி பத்தாயிரத்தை இருபதே நாளிற் கடந்துவிடுவார். எஞ்சின் சூடாகவே ஓடுதலால் அவருடைய எண்ணெயில் நீர் தங்குவதில்லை. மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வீதம் ஓடும் வானின் எஞ்சின் பத்தாயிரத்துக்கு 200 மணி நேரம் உழைக்க, நகரிலே இருபத்தைந்து வீதம் ஊரும் காரின் எஞ்சின் அதே தூரத்துக்கு 400 மணி நேரம் உழைக்கின்றது. ஓட்டமானியில் இரண்டும் ஒன்றுதான்.

காரை ஆக்கியோர் இதனை அறியாதவரல்லர். நம் நாட்டு வீதிகளில் ஓடும் யப்பானியக் கார்களின் கைந்நூல்களில், இத்தனை கிலோமீற்றர் அல்லது இத்தனை மாதம், ‘எது முந்துகிறதோ அது’ என்றே எழுதியிருக்கும். யப்பானில் டொயோட்டாக் கும்பனி, சாதாரண பெற்றோல் எஞ்சினுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு எனக் கூறி, கடுமையான பாவனைக்கு அதனைப் பாதியாக்கி 7,500 அல்லது ஆறு மாதம் என்கின்றது. காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ எஞ்சினாயின் 5,000 அல்லது ஆறு மாதந்தான். கடும் பாவனை என்றதும் பாரமேற்றி மலையேறுவதையே பலர் நினைப்பர். எட்டுக் கிலோமீற்றரளவான குறும் பயணங்களை மீண்டும் மீண்டும் செய்வதும் அப்பட்டியலில் அடங்கும். நம் ஆசிரியர் தம்மைப் பொறுமையான சாரதி எனக் கருதியிருப்பார். கைந்நூலின்படி அவருடையதே கடும் பாவனை! ஐரோப்பியக் கார்கள் சிலவற்றுக்கு 30,000 கிலோமீற்றர், இரண்டாண்டு என்று கூறப்படுவது உண்மையே. ஆயின் அது அக்கும்பனி ஏற்றுக்கொண்ட எண்ணெயையும் அந்நாட்டு எரிபொருளையும் பயணத்தையும் கருதி வகுத்த கணக்கு.

மற்றொரு புறத்தில், எண்ணெய் எதுவாயினும் 5,000 தாண்டக்கூடாது என்பாரும் உளர். இஃது ஒரு பழங்கணக்கின் எச்சம். மொறிஸ் மைனர் காலத்தில் 3,000 மைலுக்கு, அஃதாவது ஏறக்குறைய 4,800 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுதல் முறையாயிருந்தது. அக்கால எண்ணெய்க்கும் எஞ்சினுக்கும் அது தகும். மைல் போய்க் கிலோமீற்றர் வந்தபின்னும், எண்ணெய் பன்மடங்கு திருந்தியபின்னும், எண்மட்டும் மாறவில்லை. நெடுந்தூரம் ஓடும் வான் சாரதி செயற்கை எண்ணெயை 5,000 இல் வடித்துக் கொட்டுவது வீண் செலவு.

கலப்பு எஞ்சின் கார்கள், அஃதாவது ‘ஹைபிரிட்’ கார்கள், தனியே கருதத்தக்கன. மின்கலத்தால் ஓடிய தூரமும் ஓட்டமானியில் ஏறுதலால் எஞ்சின் உழைத்த நேரம் குறைவே. அது நன்மை. ஆனால் எஞ்சின் இடையிடையே நின்று நின்று இயங்குதலால் எண்ணெய் சூடேறத் தாமதமாகும். குறும்பயணக்காரருக்கு இது தீமையே. ஆதலின் இவ்வகைக் கார்களுக்கும் மாதக்கணக்கே முதன்மையானது.

இங்கே வெப்பத்தைப்பற்றி ஒரு தப்பெண்ணத்தையும் நீக்குதல் வேண்டும். 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெய் குளிர்நாட்டுக்கே உரியது, கச்சான் காற்று வீசும் திருகோணமலைக்கு 20டபிள்யூ-50 போன்ற தடித்ததே ஏற்றது என்பர் சிலர். முதலெண் குளிரிலே எண்ணெய் எவ்வளவு எளிதிற் பாயும் என்பதையும், இரண்டாமெண் சூடேறிய எஞ்சினிலே அதன் பிசுக்குமையையும் குறிப்பன. எஞ்சினின் உட்சூடு வெப்பநிலைப்படுத்தியால் ஏறக்குறைய 90 பாகையில் வைக்கப்படுகின்றது. வெளியே 25 ஆயினும் 35 ஆயினும் பெரும் வேறுபாடில்லை. மெல்லிய எண்ணெய்க்கென நுண்ணிய இடைவெளியோடு கடைந்த எஞ்சினுள் தடித்ததை வார்த்தால் தொடக்கத்தில் அது மேற்பாகங்களைச் சென்றடையத் தாமதிக்கும். கச்சானாற் கெடுதி இல்லையென்பதன்று. அது கொணரும் புழுதியே கெடுதி. காற்று வடிகட்டியைக் கவனியாது எண்ணெயை மாத்திரம் மாற்றிப் பயனில்லை. எண்ணெய் வடிகட்டியையும் ஒவ்வொரு முறையும் கூடவே மாற்றுவது நன்று.

துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பல்களின் வழக்கம் இதனின் வேறு. அவற்றின் முதன்மை எஞ்சினிற் சுற்றிவரும் எண்ணெயைக் குறித்த நாளில் முழுதும் வடிப்பதில்லை. சுழற்சியால் நீரையும் அழுக்கையும் பிரிக்கும் பொறி ஓயாது இயங்கும். மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவர். அங்கிருந்து வரும் விடையின்படி நடப்பர். ஒரே எண்ணெய் பல்லாண்டு உழைத்தலும் உண்டு. காருக்கு அத்தகைய பொறி இல்லை. நான்கு இலீற்றர் எண்ணெயை ஆய்வதினும் மாற்றுவது மலிவு. இதற்கு ஈடாக எழுந்ததே எண்ணெயின் எஞ்சிய ஆயுளைக் கணிக்கும் முறை. அமெரிக்காவில் செனரல் மோட்டோர்ஸ் கும்பனி 1988 ஆம் ஆண்டுக் கார்களில் இதனை முதலிற் புகுத்தியது. எஞ்சினின் சூடு, சுழற்சி, தொடங்கிய தடவைகள் ஆகியவற்றைக் கணக்கிட்டு அது கூறும். வெறும் தூரத்தை மட்டும் எண்ணி விளக்கேற்றும் கார்களும் உளவாதலால், தம் காரில் உள்ளது எதுவெனக் கைந்நூலிற் பார்த்தல் வேண்டும்.

எண்ணெயின் நிறங் கண்டு முடிவு செய்தல் சரியன்று. கறுத்த எண்ணெய் அழுக்கை ஏந்தித் தன் கடமையைச் செய்கின்றது என்றே பெரும்பாலும் பொருள். மாறாக, வார்க்கும் வாயின் மூடியின் அடியிலே பால்போன்ற வெண்ணுரை படிந்திருந்தால் நீர் தங்கியுள்ளது என அறியலாம். அதனைக் கண்ட குறும்பயணக்காரர் உடனே மாற்றுதல் தகும். பின்னர் வாரம் ஒருமுறையேனும் கந்தளாய்வரை ஓட்டி வருதலும் நன்று. அவ்வாறு ஓட்டி வருபவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஓட்டாதவருக்கு ஆறு மாதமே தக்க கணக்கு. புதிய எண்ணெய் வாங்கும்போது தகரத்தின் முத்திரையையும் தரக்குறியையும் பார்த்தல் வேண்டும். பாவித்த தகரங்களிற் போலி எண்ணெய் அடைத்து விற்பாரும் உளர்.

இது பணத்தோடு மாத்திரம் முடியும் பேச்சன்று. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 இலேயே வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் எஞ்சின் பழுதானவருக்கு வேறு புதுக் கார் வாங்க வழியில்லை. 2022 இலே பங்கீட்டு முறையிற் காருக்கு வாரம் 20 இலீற்றர் பெற்றோல் கிடைத்த நாள்களில், ‘ஓடாத காருக்கு எண்ணெய் எதற்கு?’ என விட்டவர் பலர். வரிசையிலே எஞ்சினை இயக்கியும் நிறுத்தியும் அங்குலம் அங்குலமாக நகர்ந்த அக்கார்களின் எண்ணெயில் நீரும் பெற்றோலும் சேர்ந்தன. ஓட்டமானி அதைச் சொல்லவில்லை. சேறு உறிஞ்சிக்குழாயின் வலையை அடைத்தால், எண்ணெய் மேலே ஏறாது எஞ்சின் தேயும். அதன்பின் ஆகும் செலவு பல ஆண்டு எண்ணெய்ச் செலவினும் மிகும்.

வடித்த எண்ணெயை என் செய்வது? வேலிக் கதிகாலுக்குக் கறையான் அரிக்காதிருக்கப் பூசுவாரும், வடிகாலில் ஊற்றுவாரும் உண்டு. நகரின் வடிகால்கள் கடலை நோக்கிச் செல்வன. உட்டுறைமுகமோ கரையாற் சூழப்பட்ட நீர். அங்கே எண்ணெய்ப் படலம் எளிதில் அகலாது. எண்ணெய் மாற்றும் நிலையங்கள் பழைய எண்ணெயைப் பீப்பாயிற் சேர்த்து வைக்கின்றன. வீட்டில் வடிப்பவர் அதனைப் புதிய எண்ணெய் வந்த தகரத்திலேயே அடைத்து அங்கு கொண்டுபோய்க் கொடுக்கலாம்.