தாய்மையில் ஒரு மனவருத்தம்

திருமணமாகி ஓராண்டு கழிந்தும் பிள்ளை இல்லையென்றால், "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று நம்மில் பலர் அந்தப் பெண்ணைக் கேட்டுவிடுகிறோம். கல்யாண வீட்டிலும் கேட்போம். கோவில் வாசலிலும் கேட்போம். பிள்ளை பிறந்தபின் அவளிடம் நாம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "இன்று அறிந்ததையெல்லாம் அன்றே அறிந்திருந்தால் நீ தாயாகியிருப்பாயா?" என்பதே அது. இப்படிக் கேட்பதே பாவம் என்று நேயர்களுள் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் இக்கேள்வியைக் கேட்டு, கிடைத்த விடைகளை எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

1975-ஆம் ஆண்டில் அமெரிக்க நாளிதழ்களில் வாசகர் கடிதங்களுக்கு அறிவுரை எழுதிவந்தவர் ஆன் லாண்டர்ஸ். பிள்ளை பெறலாமா என்று தயங்கிய ஓர் இளந்தம்பதியின் கடிதத்தை வைத்துக்கொண்டு, "மறுபடியும் வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளை பெற்றுக்கொள்வீர்களா?" என்று அவர் வாசகர்களைக் கேட்டார். ஏறத்தாழ 10,000 பேர் பதில் எழுதினார்கள். அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் "மாட்டோம்" என்றார்கள். படித்தவர்கள் திகைத்துப் போனார்கள். பிறகு நியூஸ்டே என்னும் நாளேடு, 1,373 பெற்றோர்களை முறைப்படி தேர்ந்தெடுத்து இதே கேள்வியைக் கேட்டது. அவர்களுள் நூற்றுக்கு 91 பேர் "பெற்றுக்கொள்வோம்" என்றார்கள்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? வலிய முன்வந்து கடிதம் எழுதுவோர் பெரும்பாலும் மனம் நொந்தவர்களே. நிறைவோடு இருப்பவர் தாளும் பேனாவும் தேடி உட்காருவதில்லை. ஆகவே 70 என்ற கணக்கை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் அத்தனை கடிதங்களையும் ஒதுக்கித் தள்ளவும் மனம் வரவில்லை. வீட்டில் சொல்ல முடியாததை, முகம் தெரியாத ஒருவருக்கு எழுதியாவது இறக்கி வைக்கவேண்டும் என்று அத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறதே!

இதை ஆழமாக ஆராய்ந்தவர் இஸ்ரேல் நாட்டுச் சமூகவியலாளர் ஒர்னா டோனத். வளர்ச்சியடைந்த நாடுகளுள் பிள்ளைப்பேறு மிகுந்த நாடு இஸ்ரேல்; அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ மூன்று பிள்ளைகள். அத்தகைய நாட்டில், தாயானதற்காக வருந்தும் 23 பெண்களைத் தேடிக் கண்டு, அவர் நெடுநேரம் உரையாடினார். அவர்களுள் பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருந்தார்கள். ஆகவே, "குழந்தை சிறிது வளர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நாம் சொல்லும் ஆறுதல் எல்லாருக்கும் பொருந்துவதில்லை என்று தெரிகிறது.

அந்தப் பெண்களின் பேச்சில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளைகள்மீது தங்களுக்கு அன்பு உண்டு. அவர்களுக்கு ஒரு துன்பம் வந்தால் தாங்கமாட்டோம். ஆனால் தாய் என்ற பொறுப்பு, ஒரு நொடியும் இறக்கி வைக்க முடியாத அந்தச் சுமை, தங்களுக்கு ஏற்றதன்று. தெரிந்திருந்தால் அதை ஏற்றிருக்கமாட்டோம் என்றார்கள். பிள்ளையை வெறுப்பது வேறு, தாயானதற்கு வருந்துவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நமக்குக் கோபம் வருகிறது.

2015-ஆம் ஆண்டில் இவ்வாய்வு கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் இது பெரிய சர்ச்சையாயிற்று. "தன்னலக்காரிகள்" என்று அப்பெண்களைப் பலர் ஏசினர். மறுஆண்டு ஜெர்மானியப் பெற்றோர்களிடையே ஒரு கணிப்பு நடந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், மறுபடியும் முடிவெடுக்க நேர்ந்தால் பிள்ளை பெறமாட்டோம் என்றனர். தந்தையரும் தாய்மாரைப் போலவே அதே அளவில் சொன்னார்கள். ஏச்சு மட்டும் தாய்மாருக்கே கிடைத்தது. பிள்ளை பிடிக்கவில்லை என்று வீட்டை விட்டுப் போன ஆண்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். "பொறுப்பில்லாதவன்" என்ற ஒரு சொல்லோடு அவர்களை விட்டுவிடுகிறோம். ஒரு பெண் மனத்தளவில் அப்படி எண்ணினாலே போதும், "இவள் எல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டுவிடுகிறோம்.

இத்தகைய பேச்சுக்கு வானொலி புதிதன்று. இங்கிலாந்தில் குழந்தை மருத்துவரும் உளவியல் அறிஞருமான வின்னிகாட், பி.பி.சி. வானொலியில் தாய்மாருக்காகப் பல உரைகள் ஆற்றியவர். ஒரு தாய் தன் குழந்தைமீது வெறுப்புக் கொள்வதற்கு உரிய காரணங்களை 1949-இல் ஒரு கட்டுரையில் வரிசையாக எழுதினார், அவை 18. அந்த உணர்ச்சி இருப்பது இயல்பே என்றும், அதைக் குழந்தைமீது காட்டாமல் தாங்கிக்கொள்வதே தாயின் திறன் என்றும் அவர் கருதினார். 1960-இல் தாய்மாரையே வானொலியில் பேசவைத்து, பிள்ளை வளர்ப்பில் தங்களுக்கு எரிச்சலூட்டுபவை எவை என்று சொல்லச் செய்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எத்தனையோ தாய்மார், "நான் மட்டுமல்ல போலிருக்கிறது" என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்றே எண்ணுகிறோம்.

இனி நம் பக்கம் வருவோம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக்குப் போனார்கள். கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டே போனார்கள். வாழ்க்கை கடுமையாகத்தான் இருந்தது. அதை இனிப்பாகச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் "பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளே" என்று யாரும் குறை சொல்லவில்லை. லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவும் பெரியம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். இன்று பத்தாவது மாடி வீட்டில், கணவன் வேலைக்குப் போனபின் தனியே குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு அந்த அக்காவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. கைத்தொலைபேசியில் அறிவுரை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. "நாங்கள் எல்லாம் பெற்று வளர்க்கவில்லையா?" என்று மாமியார் கேட்கிறார். வளர்த்தார்கள், தனியாக வளர்க்கவில்லை.

அரசாங்கங்களும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பற்றியே பேசி வந்திருக்கின்றன. சிங்கப்பூரில் 1972-இல் "இரண்டோடு நிறுத்துங்கள்" என்றார்கள். 1987-இல் "வசதியிருந்தால் மூன்று, அதற்கு மேலும் பெறுங்கள்" என்றார்கள். பெற்றவளின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டது எந்தச் சுவரொட்டி?

ஒன்றை இங்கே கவனமாகச் சொல்லவேண்டும். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். பிள்ளை பெற்ற பெண்களுள் பத்தில் ஒருவருக்கு மேல் அது வருகிறது, சிகிச்சையால் குணமாகிறது. அதைக் கண்டறிய ஸ்காட்லாந்தில் உருவாகி 1987-இல் வெளிவந்த, பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாப்பட்டியல் இன்று பல நாடுகளில் பயன்படுகிறது, தமிழாக்கமும் உண்டு. உறக்கமின்மை, ஓயாத அழுகை, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். நாம் இதுவரை பேசிய வருத்தம் இதனினும் வேறு. அதற்கு மாத்திரை இல்லை. ஆனால் இரண்டுக்கும் தொடக்கத்தில் ஒரே வாசல்தான்: அவள் வாய் திறந்து, "எனக்கு இது வேண்டாமென்று இருக்கிறது" என்கிறாள். அந்த நேரத்தில் "அப்படியெல்லாம் சொல்லாதே, சாமி கோபிக்கும்" என்று நாம் வாயை அடைத்துவிட்டால், நோயாளியும் திரும்பிப் போய்விடுகிறாள்.

பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. டோனத் சந்தித்த பெண்கள் இதில் ஒருமனப்படவில்லை. பிள்ளை தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்ளும் என்று அஞ்சி, சாகும்வரை சொல்வதில்லை என்று முடிவெடுத்தவர்கள் உண்டு. நாளை தாயாவதா வேண்டாமா என்பதைத் தன் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு முடிவு செய்யட்டும் என்று, வளர்ந்தபின் சொல்ல விரும்பியவர்களும் உண்டு. சிறு குழந்தையின் காதில் விழக்கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. வளர்ந்த மகளிடம் சொல்வதைப் பற்றி நம்மால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை.