மாமாங்கம் என்பது எத்தனை ஆண்டு?

‘உன்னைப் பார்த்து ஒரு மாமாங்கம் ஆச்சு’ என்கிறோம். மாமகம் என்பதே மருவி மாமாங்கமானது. அது கும்பகோணம் மகாமகம். வியாழன் சிம்ம ராசியில் இருக்கும்போது, மாசி மாத மக நட்சத்திரத்தன்று மகாமகக் குளத்தில் நீராடுவர். 2004க்குப் பிறகு 2016இல் வந்தது.

ஏன் 12 ஆண்டு? வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 11.86 ஆண்டுகள் ஆகின்றன. ராசிக்கு ஓராண்டு என்று வைத்துக்கொள்ளலாம். கோள்கள் பாடம் தொடங்கும் நாளில் இச்சொல்லைத்தான் கரும்பலகையில் முதலில் எழுதுவேன். பாட்டி சொல்லும் சொல் பாடத்துக்குள் வந்ததும் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் கட்டுரையில் ‘மாமாங்கம்’ என்று எழுதினால், கொச்சை என்று சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். அகராதியில் உள்ள சொல் அது. 11.86ஐ 12 ஆக்கும்போது விடுபடும் மிச்சம் பல சுற்றுகளில் எவ்வளவு சேரும் என்பது கணக்கு ஆசிரியருக்கான வேலை.