நட்சத்திரத்தின் நடுவில் மை விழுமா?

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லில் எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்ற குழப்பமே கிடையாது. கண்ணாடி மேல் வைத்த உலோக அச்சின் அறைகளில் வண்ண சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள்; தகடுதான் எல்லை. அதே கல்லின் நட்சத்திரத்தைக் காரைக்குடியில் ஒருவர் கணினியில் வரைந்து அச்சிட்டால்? அங்கே தகடு இல்லை, கோடு மட்டும்தான். எது உள்ளே, எது வெளியே?

1980களில் அடோபி நிறுவனம் உருவாக்கிய போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியில் இதற்கு இரண்டு விதிகள். சந்தேகப்படும் புள்ளியிலிருந்து ஏதாவதொரு திசையில் முடிவில்லாமல் ஒரு கோடு இழுக்க வேண்டும். படத்தின் கோடு அதை இடமிருந்து வலமாக வெட்டினால் ஒன்றைக் கூட்டு, வலமிருந்து இடமாக என்றால் ஒன்றைக் கழி. மிச்சம் பூஜ்யம் இல்லையென்றால் புள்ளி உள்ளே. இது முதல் விதி. மற்றது திசையைச் சட்டை செய்யாது: ஒற்றைப்படை முறை வெட்டினால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே.

கையை எடுக்காமல் ஐந்து முனை நட்சத்திரம் போட்டுப் பாருங்கள். நடு ஐங்கோணத்திலிருந்து கிளம்பும் கோட்டை இரண்டு கோடுகள், ஒரே திசையில் வெட்டும். முதல் விதிப்படி நடுவில் மை விழும்; இரண்டாவதன்படி வெள்ளையாக நிற்கும். முனைகள் எப்படியும் நிரம்பிவிடும்.

ஒரு புள்ளியில் மை விழுமா என்பதை எதையும் அச்சிடாமலே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இம்மொழியில் வழி உண்டு. முதல் விதிக்கு இன்ஃபில், இரண்டாவதற்கு இன்இஓஃபில் என்ற கட்டளைகள் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். ஆனால் அவை சோதிப்பது கணிதப் புள்ளியை அல்ல, அது விழும் பிக்சலை! வடிவம் ஓரமாகத் தொட்டாலே பிக்சல் முழுதும் நிரம்பும் என்பதால், விளிம்புக்கு மயிரிழை வெளியே நிற்கும் புள்ளிக்கும் ‘ஆம்’ வரலாம்.

பிடிஎஃப் கோப்பிலும் இதே இரு விதிகள்தான். அச்சகத்துக்கு அனுப்புமுன் எந்த விதியில் நிரப்பியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.